கம்பைக் கீழே வைக்காத வாத்தியார்



எங்க ஊர் சுருளிப்பட்டி. கம்பத்துல இருந்து சுருளி அருவிக்குப் போறவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். வழியில திராட்சைப் பந்தலுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்க. அந்தத் தோட்டங்களுக்கு நடுவுல ஒரு களத்துலதான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நான் சிலம்பக் கம்பைப் பிடிச்சேன். எங்க பக்கம் கம்பு சொல்லித் தர்றவரை வாத்தியார்னுதான் கூப்பிடுவோம்.

இப்போ அந்தக் கம்பு ஹாஸ்டல் ரூம் கதவுக்குப் பின்னாடி நிக்குது. நாலு மாசமா நான் அதைத் தொடல.

போன வருஷம் ஒரு போட்டியில முதல் சுற்றுலயே வெளிய வந்துட்டேன். தோத்தது கூடப் பெரிசா வலிக்கல. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா விடாமப் பழகியும் வீச்சுல வேகம் ஏறவே இல்ல. காலடி மாத்தும்போது எந்த இடத்துல தடுமாறினேனோ, ஆறு மாசம் கழிச்சும் அதே இடத்துலதான் தடுமாறினேன். அதுதான் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இனிமே நமக்கு வராதுன்னு முடிவு பண்ணி, செமஸ்டர்னு ஒரு சாக்கு சொல்லி நிறுத்தினேன். கம்பை ஜூனியர் பையன்கிட்ட கொடுத்துடலாம்னு கூட யோசிச்சேன்.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்போ வாத்தியார் என்னைத் திட்டவே இல்ல. தன் போனை எடுத்து 'அடிமைப்பெண்' படத்துல வர்ற ஒரு வாள் சண்டையைப் போட்டுக் காட்டினார். அவர் சின்ன வயசுல டூரிங் டாக்கீஸ் மணல்ல உட்கார்ந்து பார்த்த படமாம். அதுல சண்டை போடறவரோட கால் ஒரு தடவை உடைஞ்ச கால், அந்த மனுஷனுக்கும் ஜனங்க வெச்ச பேரு வாத்தியார்தான், போய் அவர் கதையைப் படின்னு அனுப்பி வெச்சார். படிச்சேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

ஆமாம், எம்.ஜி.ஆர். அவருடைய அரசியல் பற்றி உங்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். அதை கேன்டீன்ல வெச்சுப் பேசிக்கலாம். இங்கே நான் பார்க்கப் போறது, ஒரு உடம்பை எழுபது வயசு வரைக்கும் விடாமப் பழக்கிய ஒரு மனிதரை மட்டும்தான்.

பசிக்காகப் போன பள்ளிக்கூடம்

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நாவலப்பிட்டியில் பிறந்தார். விவரம் தெரியும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்தியபாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆனையடிப் பள்ளியில் படிப்பு. அதுவும் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை.

அந்தக் காலத்தில் சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் போடும் கம்பெனிகள் இருந்தன. 'பாய்ஸ் கம்பெனி' என்பார்கள். சேர்ந்தால் மூன்று வேளைச் சோறு நிச்சயம். அண்ணன் சக்ரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். நடிப்பு ஆசையெல்லாம் அப்புறம் வந்தது, முதலில் இழுத்தது பசிதான்.

கம்பெனியில் பாட்டு, வசனம், நடனம், வாள் வீச்சு எல்லாவற்றையும் சொல்லித் தந்தார்கள். நாடகத்தில் ராஜா வேஷம் போட்டால் வாள் சுற்றத் தெரிய வேண்டும். மைக் கிடையாது, கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். ராத்திரி நாடகம் என்றால் பகலில் பயிற்சி. இன்னிக்கு மூடு இல்ல சார்னு சொல்ல அங்கே இடமே கிடையாது. நம்மகிட்ட இருக்கிற ஒரு சௌகரியம், பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம் என்ற சௌகரியம், அந்தப் பையனுக்கு இல்லை. தினமும் பழகறது அவருக்கு ஒரு கொள்கையாக ஆரம்பிக்கவில்லை. வயிற்றுப் பிழைப்பாகத்தான் ஆரம்பித்தது. அது பின்னாடி பழக்கமாகி உடம்பிலேயே தங்கிவிட்டது.

பதினோரு வருஷம்

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் சினிமாவுக்கு வந்தார். வயது 19. சின்னப் போலீஸ் வேஷம். அடுத்து கதாநாயகன்தானே என்று நினைத்தால், அதற்கு 1947 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. முழுசாப் பதினோரு வருஷம்!

காரணம் ரொம்ப எளிது. அன்றைய கதாநாயகன் பாட வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா காலம் அது. ராமச்சந்திரனுக்கு அந்த அளவு சங்கீதம் இல்லை. 'அசோக்குமார்', 'மீரா' என்று பெரிய படங்களில் எல்லாம் இருந்தார், ஆனால் ஓரமாக. நடுவில் 'சாயா' என்ற படத்தில் கதாநாயகன் வேஷம் கிடைத்தது. அந்தப் படம் பாதியிலேயே நின்றுபோனது. 1942-ல் முதல் மனைவி பார்கவி இறந்துபோனார். வாய்ப்பும் இல்லை, வீட்டிலும் இழவு. தளர்ந்து உட்கார ஒருத்தருக்கு இதைவிடக் காரணம் என்ன வேண்டும்?

அந்த வருஷங்களில் அவர் கையில் இருந்தது உடம்பு ஒன்றுதான். அதைப் பழக்கிக்கொண்டே இருந்தார். கோயம்புத்தூரில் சாண்டோ சின்னப்பா தேவரோடு பழக்கம் ஏற்பட்டதும் உடற்பயிற்சிக் கூடத்தில்தான். தேவரும் அப்போது வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்தவர். ரெண்டு பேரும் சேர்ந்து எடை தூக்கினார்கள், மல்லுக்கு நின்றார்கள். எந்தப் படத்துக்காகவும் இல்லை. கையில்தான் படமே இல்லையே!

1946-ல் 'ஸ்ரீ முருகன்' படத்தில் சிவன் வேஷம் கிடைத்தது. அதில் அவர் ஆடிய தாண்டவம் ஜுபிடர் பிக்சர்ஸ்காரர்கள் கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய 'ராஜகுமாரி'யில் கதாநாயகன். வயது 30. அந்தப் படத்தில் தன்னோடு மோதும் வேஷத்துக்குத் தேவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் தேவர் தயாரிப்பாளர் ஆனபோது 'தாய்க்குப்பின் தாரம்' தொடங்கி 'நல்ல நேரம்' வரைக்கும் இந்த ஜோடி 16 படங்கள் செய்தது. பயிற்சிக் கூடத்துச் சிநேகம் எவ்வளவு தூரம் வந்தது பாருங்க.

இதோட தளர்ச்சி தீர்ந்ததா? அதுவும் இல்லை. 'ராஜகுமாரி' ஓடிய பிறகும் அடுத்த வருஷமே 'அபிமன்யு'வில் அர்ச்சுனனாக, மறுபடியும் துணை வேஷம். 1950-ல் 'மந்திரி குமாரி', 1951-ல் 'மர்மயோகி', 'சர்வாதிகாரி' வந்த பிறகுதான் வாள் எடுத்தால் எம்.ஜி.ஆர் என்ற பெயர் நின்றது. பாகவதர் மாதிரி பாட முடியாது என்ற குறையை அவர் பாடிப் பாடிச் சரிசெய்யவில்லை. தன்னிடம் எது இருந்ததோ, அதைக் கூட்டிக்கொண்டே போனார்.

சீர்காழி, 1959

1958-ல் தானே தயாரித்து, இயக்கி, இரட்டை வேஷத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' வெளியானது. கையில் இருந்த எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. 41 வயதில் உச்சிக்கு வந்துவிட்டார்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகம். சினிமாவில் அவ்வளவு பெரிய ஆளான பிறகும் அவர் மேடையை விடவில்லை. அன்றைக்கு குண்டுமணி என்ற நடிகரோடு சண்டைக் காட்சி. பெயருக்கேற்ற மாதிரி ஆள் மலை மாதிரி இருப்பார். சண்டையில் அவர் பாரம் முழுக்க எம்.ஜி.ஆர் கால்மேல் விழுந்தது. எலும்பு முறிந்துபோனது.

சண்டைக்காகவே ஜனம் பார்க்க வரும் ஒரு நடிகருக்கு, 42 வயதில், கால் போச்சு. யோசிச்சுப் பாருங்க. அவர் இனிமேல் சண்டை போட முடியாது, கதை முடிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. மாசக் கணக்கில் படுக்கை, கட்டு, ஊன்றுகோல். சிலம்பமோ, வாளோ, எதுவாக இருந்தாலும் காலடிதான் அஸ்திவாரம் என்று கம்பு பிடித்தவர்களுக்குத் தெரியும். கையில் எவ்வளவு வித்தை இருந்தாலும் கால் நிற்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை.

1960-ல் அவருடைய 'பாக்தாத் திருடன்', 'ராஜா தேசிங்கு', 'மன்னாதி மன்னன்' மூன்றும் வந்தன. மூன்றும் ராஜா காலத்துக் கதைகள், வாள் எடுக்க வேண்டிய படங்கள். உடைந்த காலை மறைத்து, உட்கார்ந்து அழுகிற குடும்பப் படமாகப் பார்த்து ஒதுங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

சினிமாச் சண்டை எல்லாம் டூப்பு, முன்கூட்டியே பேசி வெச்ச சண்டைதானேன்னு நீங்க கேட்கலாம். பேசி வெச்சதுதான். ஆனால் பேசி வெச்ச அடியை நேரத்துக்கு வீசவும், நேரத்துக்கு விலகவும் உடம்பு பழகியிருக்க வேண்டும். போட்டியில் ஒற்றைக் கம்பு வீச்சுக்கு இறங்குகிற எங்களுக்கும் வரிசை முன்னாடியே தெரிந்ததுதான். தெரிந்த வரிசையைத் தடுமாறாமல் செய்வதில்தானே விஷயமே இருக்கு!

குரல் போன வருஷம்

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் சக நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் காதோரம் பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் தங்கியது. உயிர் பிழைத்ததே பெரிது. கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். ஆனால் குரல் பழைய குரலாகத் திரும்பி வரவில்லை. வார்த்தைகள் குழறின. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

இது கால் முறிவு மாதிரி இல்லை. எலும்பு சேர்ந்துவிடும், பழைய மாதிரி நடக்கலாம். இது திரும்பவே வராத இழப்பு. ஏழெட்டு வயதில் இருந்து மேடையில் பழக்கிய குரல் அது. நடிகருக்குக் குரல் போனால் வேறு யாரையாவது பேச வைக்கலாம். அது அன்றைக்கும் நடைமுறையில் இருந்த வழிதான். அதே வருஷம் செப்டம்பரில் வந்த 'காவல்காரன்' படத்தில் அவர் தன் சொந்தக் குரலிலேயே பேசினார். முன்னால் எடுத்த காட்சிகளில் ஒரு குரல், பின்னால் எடுத்த காட்சிகளில் வேறு குரல். தியேட்டரில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது. படம் வெற்றிகரமாக ஓடியது. ஜனங்கள் அந்தப் புதுக் குரலுக்குப் பழகிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அவரே பழகியிருக்க வேண்டும், இல்லையா?

இதற்குப் பிறகு, 1969 மே மாதம், அவரே தயாரித்த 'அடிமைப்பெண்' வெளியானது. எங்க வாத்தியார் எனக்குப் போட்டுக் காட்டிய படம். கதையைக் கேளுங்க. சின்ன வயதில் இருந்தே சிறையில் குனிந்தபடியே வளர்ந்து, கூன் விழுந்து, பேசவும் தெரியாமல் போன ஓர் இளவரசன். ஒரு பெண் அவனுக்குப் பேச்சு சொல்லித் தருகிறாள், நிமிர்ந்து நிற்கச் சொல்லித் தருகிறாள். அப்புறம்தான் வாள் எல்லாம். பேச்சைப் பாதி இழந்த ஒரு நடிகர், பேசக் கற்றுக்கொள்ளும் ஒருத்தனின் கதையைத் தன் சொந்தப் பணத்தில் எடுத்திருக்கிறார்!

அந்த வாள் சண்டை படத்தின் ஆரம்பத்தில் வருகிறது. அதில் எம்.ஜி.ஆர் இளவரசனின் அப்பா. எதிரி அசோகனுக்கு ஒரு கால் கிடையாது. ஆகவே எம்.ஜி.ஆரும் தன் ஒரு காலை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் மோதுகிறார். நிற்பது தரையில் கூட இல்லை, வலை மேல். வலைக்குக் கீழே ஈட்டிகள். சீர்காழியில் கால் உடைந்து பத்து வருஷம் கழித்து, 52 வயதில் எடுத்த சண்டை இது. நான் அதை அன்னிக்கு ராத்திரி நாலு தடவை பார்த்தேன். நாலாவது தடவை சண்டையைப் பார்க்கல. ஊன்றி நிற்கும் அந்தக் காலை மட்டும் பார்த்தேன்.

ஐம்பதுக்கு மேல்

1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்'. சைக்கிள் ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுற்றும் சண்டையை யூடியூபில் போட்டுப் பாருங்க. கால் பெடலில் இருக்கும்போது சிலம்பத்தின் காலடி வராது. முழுக்க இடுப்பும் தோளும் மணிக்கட்டும்தான். 54 வயதில் அது! அந்தப் படத்துக்காகத்தான் இந்தியாவின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. 1976-ல் 'உழைக்கும் கரங்கள்'. அதில் மான் கொம்பு பிடித்துச் சண்டை போட்டார். நம்ம ஊர் மடு. சிலம்பம் கற்றவர்களில் கூட நிறையப் பேர் தொடாத ஆயுதம். வயது 59. 1977-ல் முதலமைச்சர் ஆன பிறகுதான் திரையில் வாளும் கம்பும் நின்றன.

கடைசியாக எங்க பக்கத்துக் கதை. 1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதாகி, பக்கவாதமும் சேர்ந்து படுத்தார். சென்னையில் இருந்து அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் சக்ரபாணியின் மகள் கொடுத்த சிறுநீரகத்தை டிசம்பரில் பொருத்தினார்கள். அதே டிசம்பரில் இங்கே தேர்தல். அவர் நின்ற தொகுதி ஆண்டிபட்டி. தேனியைத் தாண்டினால் வரும் அதே ஆண்டிபட்டிதான், அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஒரு நாள் கூடப் பிரசாரத்துக்கு வராமல் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தவர் மறுபடியும் முதலில் இருந்து பேசப் பழக வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையாக! 1987 டிசம்பர் 24 அன்று இறக்கும் வரைக்கும் முதலமைச்சராகவே இருந்தார்.

லேப்ல பார்த்தது

மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு இது தெரியும். மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல மைல்டு ஸ்டீல் கம்பியை யுடிஎம் மெஷின்ல மாட்டி இழுப்போம். கொஞ்ச நேரம் கிராஃப் ஜோரா மேலே ஏறும். ஈல்ட் பாயின்ட் வந்ததும் கோடு படுத்துடும். கம்பி நீண்டுகிட்டே இருக்கும், லோடு ஏறவே ஏறாது. முதல் தடவை பார்க்கிறவன் மெஷின்தான் ரிப்பேர்னு நினைப்பான். அந்தப் படுத்த கோடு முடிஞ்ச இடத்துலதான் ஸ்ட்ரெயின் ஹார்டனிங் ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் கம்பி முன்னைவிட அதிக லோடு தாங்கும். படுத்த இடத்துல மெஷினை ஆஃப் பண்ணிட்டா மீதி கிராஃபே கிடையாது.

மனுஷ உடம்பு ஸ்டீல் இல்லதான். ஆனா என்னோட ஆறு மாசம் அந்தப் படுத்த கோடுதானோன்னு இப்போ தோணுது. நான் ஆஃப் பண்ணிட்டேன்.

எம்.ஜி.ஆர் கதையில எனக்குப் பிடிபட்டது இதுதான். அவருக்குத் தளர்ச்சி வராம இல்ல. வாய்ப்பு, கால், குரல்னு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு கையை விட்டுப் போச்சு. போனது திரும்பி வந்தப்புறம் பழகலாம்னு அவர் காத்திருக்கல. அன்னிக்கு உடம்புல எது மிச்சமோ, அதை வெச்சே பழகினார். ஆசை வந்ததும் பயிற்சிக்குப் போகலாம்னு நாம நினைக்கிறோம். பாதி நாள் அது தலைகீழா நடக்குது. போய் நின்னாத்தான் ஆசை வருது.

லீவு முடியறதுக்கு முந்தின நாள் காலையில களத்துக்குப் போனேன். வாத்தியார் வேற ஒண்ணும் கேட்கல. கம்பை வலது கையில வாங்காம இடது கையில வாங்கச் சொன்னார். தினமும் பத்தே நிமிஷம், அதுக்கு மேல வேணாம்னுட்டார். இடது கையில நான் ஆறாங்கிளாஸ் பையன் மாதிரி இருந்தேன். கம்பு ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு, ஒரு தடவை காதுல பட்டுச்சு. சிரிப்பு வந்துடுச்சு. வலது கையில ஆறு மாசமாக் காணாத முன்னேற்றத்தை இடது கையில மூணே நாள்ல பார்த்தேன், ஏன்னா அது அவ்வளவு கீழே இருந்து ஆரம்பிச்சுது. அந்தச் சின்ன ஏத்தம் போதுமா இருந்துச்சு.

காலேஜ் வந்தப்புறம் விடியக்காலை ஆறு மணிக்கு கிரவுண்டுல பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் பின்னாடி நிக்கிறேன். பத்து நிமிஷம் இடது கை, பத்து நிமிஷம் கம்பே இல்லாம வெறும் காலடி. பழைய இடத்துல இன்னும் தடுமாறத்தான் செய்யுது. முந்தாநாள் தடுமாறல. நேத்து மறுபடி தடுமாறிச்சு. பரவாயில்ல.

2024 ஜனவரியில நம்ம தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில சிலம்பத்தைக் காட்சி விளையாட்டா சேர்த்தாங்க. இந்தக் கலைக்கு நல்ல காலம் வருது. நீங்க கராத்தேயோ, ஜூடோவோ, டேக்வாண்டோவோ, எதைப் பாதியில விட்டிருந்தாலும் சரி, உங்க ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்க. அங்க தொங்கற பெல்ட்டை எடுத்துக்கிட்டு காலையில ஆறு மணிக்கு வாங்க. கிரவுண்டுல நிறைய இடம் இருக்கு.